நாலடி வழி

யோகராசாவின் இடது காலை முழங்காலுக்கு மேலே வைத்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தவன் முதல் வேலையாகப் போர்வையைத் தூக்கி வலது காலைப் பார்த்தான். அது பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று தலையைச் சாய்த்தான். வலது கால் இருந்தால் பிறேக் மிதிக்கலாம், பெற்றோல் மிதிக்கலாம். கிளச்சுக்கு மட்டும் ஏதாவது பண்ண வேண்டும் என்று அந்த வேதனைக்குள்ளும் அவன் மூளை ஓடியது. கட்டிலருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்சாதி புஸ்பத்தை அவன் கவனித்தது அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட மனுசன்.

லொறிக்காரன். ஓட்டமாவடியில் ஒரு நெல் முதலாளிக்கு இளந்தாரிக் காலம் முழுக்க ஓட்டினான். வாழைச்சேனையைத் தாண்டி மேற்கே போகிற பாதையில் அவன் தேத்தண்ணி குடிக்காத கடை கிடையாது. மன்னம்பிட்டியில் சோற்றுக்கடை வைத்திருந்த ஒருத்தியின் வீட்டில் அவனுக்கென்று ஒரு சாரமும் ஒரு தலையணையும் இருந்தன. கிழமையில் பாதி அங்கேதான் கழியும். இது ஊரறிந்த கதை, ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. புஸ்பம் வாய் திறந்து கேட்டால் கூச்சமில்லாமல் சொல்வான், "நீ ஒரு புள்ளையப் பெத்திருந்தா நான் ஏன் வெளியால போறன்?" என்று. அதற்குமேல் அவள் என்னத்தைக் கேட்பது? அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பெருவிரலில் ஆணி கீறியபோது இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தக்காரன் பார்க்க வேண்டிய மாதிரிப் பார்த்திருந்தால் கால் தப்பியிருக்கும். இவன் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு லொறியில் ஏறினான். விரல் கறுத்தது, பாதம் கறுத்தது, கடைசியில் கத்தி வைத்தார்கள். முதலாளி ஒரு பை அப்பிளும் ஓரெஞ்சும் கொண்டுவந்து பார்த்துவிட்டு, போகும்போது லொறியின் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மன்னம்பிட்டிக்காரி வரவேயில்லை. போனில் மட்டும் அழுதாள்.

ஒன்றரைக் காலோடு வீட்டில் குந்திய யோகராசாவுக்கு வீடு நரகமாக இருந்தது. பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் பொடியன் அக்குளுக்குள் கை கொடுத்து மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றுவான். முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டால் ஊன்றுகோலை முதலில் உள்ளே எறிந்துவிட்டுப் பிறகு இவனைத் தள்ளுவார்கள். ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இன்னொருவன் ஓட்டப் பின்னால் குந்துவது எவ்வளவு கேவலம் என்று குந்தியவனுக்குத்தான் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்தில் அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு ஆசைதான் அவனிடம் மிஞ்சியிருந்தது. தன் கையால் ஒரு வாகனத்தை ஓட்டிக்கொண்டு வளவு வாசலின் கடப்பைத் தாண்டி வெளியே போக வேண்டும். போனால் திரும்பி வருவானா மாட்டானா என்பது வேறு கதை.

அந்தக் கடப்பைப் பற்றியும் வளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்கு. ஆண் கல்யாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்கு வந்து ஏறுகிறவன். செங்கலடிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாகக் கிடந்த அந்த வளவு புஸ்பத்தின் தாய் அன்னப்பூரணியுடையது. பின்பாதியும் அதிலிருந்த ஓட்டு வீடும் மூத்தவள் புஸ்பத்துக்குச் சீதனம். ரோட்டைப் பார்த்த முன்பாதி இளையவள் நிருஷாவுக்கு. அவள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள், அதனால் முன்பாதி பல வருசமாக வெறும் தரையாகக் கிடந்தது. கிடுகு வேலி, வாசலில் திறந்து மூடும் மரக் கடப்பு, உழவு மெசின் பின்பெட்டியோடு நேராக உள்ளே வரலாம். பின்வளவுக்குப் பின்னால் சேற்றில் வேர் ஊன்றிய கண்ணாக்காடும் ஆற்றுச் சேறும். யோகராசாவுக்கு அந்த வளவில் தன்னுடையது என்று சொல்ல ஒரு தென்னை மரமும் கிடையாது. அவனுடையதெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிள். அதையும் இடது கால் இல்லாதவன் கியர் போட்டு ஓட்ட முடியாது.

அந்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்துத்தான் மொறிஸ் மைனரை வாங்கினான். வெளிநாட்டு வாகனம் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம் அது, ஓட்டைக் காருக்கும் யானை விலை குதிரை விலை. ஆனால் வந்தாறுமூலையில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபரின் வீட்டுக் கொல்லைக் கோடிக்குள் இருபது வருசமாகக் கிடந்த இந்த மொறிஸை எவனும் காராக மதிக்கவில்லை. முன் சீற்றில் அடைகாக்கும் கோழி, பின் சீற்றில் தேங்காய் மட்டை. தரைத்தகடு கரைந்து உள்ளேயிருந்து மண் தெரிந்தது. யோகராசா ஊன்றுகோலால் அதைத் தட்டித் தட்டிச் சுற்றி வந்தான். இந்தக் காரில் கிளச் வெறும் கம்பியில் வேலை செய்வது, எண்ணெய்க் குழாய் கிடையாது. கம்பியைக் காலாலும் இழுக்கலாம், கையாலும் இழுக்கலாம். அவனுக்கு வேண்டியதும் அதுதான். அன்றைக்கே உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பின்வளவு மாமரத்தடியில் முதிரைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தான்.

ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த இன்ஷாப்தான் வெல்டிங் வேலைக்கு வந்தவன். யோகராசா லொறி ஓட்டிய காலத்தில் பழகிய பொடியன். கூலியை ஓடத் தொடங்கிய பிறகு பார்ப்போம் என்றான் யோகராசா. இன்ஷாப்பும் பழைய பழக்கத்துக்கு மறுக்கவில்லை. நொறுங்கிப்போன ஒரு வானின் கைப்பிறேக்கைக் கழற்றிக்கொண்டு வந்து கியர் தடிக்குப் பக்கத்தில் ஒட்டி, அதிலிருந்து கிளச் தண்டுக்கு ஒரு கம்பி விட்டான். இழுத்தால் பல்லில் மாட்டி நிற்கும். அந்த இடைவெளியில் அதே கையால் கியரைப் போட்டுவிட்டு, பொத்தானை அமத்தி மெல்ல இறக்கினால் கார் நகரும். கெட்டித்தனமான வேலை. யோகராசா கட்டையின் மேல் நின்ற காரில் குந்தி, இல்லாத ரோட்டில் நாள் முழுக்க இழுத்தும் இறக்கியும் பழகினான்.

ஆனால் கார் என்றால் கிளச் மட்டுமா? தரைக்குத் தகடு வேண்டும். ரோட்டு வேலைக்காரர்கள் எறிந்துவிட்டுப் போன தார்ப் பீப்பாய்களை வெட்டி விரித்து அடித்தார்கள், மட்கார்ட்டுக்கும் அதுவே. அது போதாமல் போகவே புஸ்பத்தின் அடுப்படிக் கூரையிலிருந்து தகரத்தைக் கழற்றினான். மாரி வருவதற்குள் வேறு போடுவேன் என்றான். மாரி வந்தது, தகரம் வரவில்லை. புஸ்பம் தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு இடியப்பம் அவித்தாள். அவள் இடியப்பம் அவித்துச் செங்கலடிக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டனுக்கு ஆடுகளை விற்றான். அவை அவள் குட்டியிலிருந்து வளர்த்த ஆடுகள், ஒன்று சினை. கடைக்குப் போய் வந்தவள் வெறும் கயிறு கிடப்பதைப் பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டாள். எஞ்சினைக் காட்டினான். "உனக்குந்தானே புள்ள, முன் சீற்றில இருத்திக்கொண்டு போவன்" என்றான். சீற்றுக்குள் அவளுடைய தும்பு மெத்தை போனது. இதையெல்லாம் அவன் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

பிறகு உட்கூரைக்குத் துணி தேவைப்பட்டது. கடைத் துணி வாங்க வழியில்லை. மலிவான துணி தொங்கும், நல்ல இறுக்கமான பட்டாக இருந்தால் ஆணி போட்டு இழுத்துக் கட்டலாம் என்று இன்ஷாப் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான். அடுத்த நாள் அவன் வந்து பார்த்தபோது காரின் உட்கூரை சிவப்புச் சரிகையில் பளபளத்தது. புஸ்பத்தின் கூறைச்சேலை. கத்தரிக்கோலால் நாலாக வெட்டி, சரிகைக் கரையை அழகாக நடுவில் வரச் செய்து அடித்திருந்தான். இன்ஷாப் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். பின்னேரம் பெட்டியைத் திறந்த புஸ்பம் மாமரத்தடிக்கு வந்து, என்ட கூறையைக் கண்டீங்களா என்று கேட்டாள். யோகராசா கதவைத் திறந்து மேலே காட்டினான்.

"பெட்டிக்குள்ள கிடந்து பூச்சி தின்னுறத்த விட இஞ்ச கிடக்கட்டும். பார் எப்பிடி மின்னுது" என்றான்.

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைப்பான், ஏன் நினைக்க மாட்டான்?

அதற்கு அடுத்த கிழமை இன்னொன்று நடந்தது. யோகராசா காருக்கு அடியில் மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு மன்னம்பிட்டிக்காரியோடு கதைத்தான். "ஓடத் தொடங்கினா முதல் ஓட்டம் உன்னட்டத்தான். மறுகா என்னத்துக்கு இஞ்ச வாறன்?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பியவன் காரின் ஓரமாக இரண்டு கால்களைக் கண்டான். புஸ்பம் தேத்தண்ணியோடு நின்றாள். கோப்பையை மண்ணில் வைத்துவிட்டுப் போனாள். கேட்டிருப்பாளோ என்று ஒரு நிமிசம் யோசித்தான். கேட்டிருந்தால் அழுதிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தான்.

அந்த நாட்களில்தான் நிருஷா குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்து சேர்ந்தாள். கையில் தங்கமும் வாயில் பேச்சுமாக வந்தாள். வந்த வேகத்தில் முன்வளவில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாள். வீட்டைச் சுற்றி மதில் கட்டப் போகிறேன், அக்காவின் வழியை அளந்து விட்டுவிடுங்கள் என்றாள். வீட்டுக்குக் கூரை ஏறிய பிறகு ஒரு நாள் காலையில் நில அளவைக்காரர் நாடாவோடு வந்தார். அன்னப்பூரணி கதிரை போட்டுக் குந்தினாள். வளவைப் பிரிக்கிற நாளில் மருமக்கள்மார் வாய் திறப்பது வழக்கமில்லை, பெண்களின் சொத்தில் ஆண் எட்டிப் பார்த்தால் ஊர் சிரிக்கும். ஆனாலும் கூப்பிட்டால் போய் நிற்கலாம். புஸ்பம் வந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க, வழி அளக்கிறாங்க. வந்து ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க."

யோகராசா கைக்கிளச்சின் பல்லுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். பிடி கொஞ்சம் வழுக்குகிறது என்பதுதான் அன்றைக்கு அவனுக்கு உலகத்திலிருந்த ஒரே கவலை. மூத்தவளுக்கு வண்டில் போகிற அளவு வழி விடுவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வது. வயல் வட்டையிலிருந்து நெல் வீட்டுக்கு வர வேண்டாமா? அதைப் போய் ஒரு மனுசன் நின்று கேட்பதா?

"உங்கட வளவு, உங்கட காணி. நீயே சொல்லு, எனக்கு வேலை கிடக்கு" என்றான்.

"நானே சொல்லட்டா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஓம், ஓம். நீயே சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். கட்டை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். அவன் அந்தக் கயிற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த நாளே கிரானுக்குப் போய்விட்டான். கார் எல்லாம் முடிந்து டயர் மட்டும்தான் இல்லாமல் கட்டையில் நின்றது. கிரானில் அவனுடைய தங்கச்சி புருசனுக்கு வயல் வேளாண்மை. அறுவடை வெட்டு முடியுமட்டும் வயல் வாடிக் குடிசையில் இருந்து நெல்லுக்குக் காவல் பார்த்தால், தன் பழைய வானின் டயர் நாலையும் தருவதாக அவன் சொல்லியிருந்தான். ஒற்றைக் காலன் யானைக்கும் கள்ளனுக்கும் எப்படிக் காவல் பார்ப்பது? தகரத்தைத் தட்டிக்கொண்டு பார்த்தான். மழை நனைந்தான், அட்டை கடித்தது, மிச்சக் காலின் தோல் ஊறிப்போக ஊன்றுகோலோடு வரப்பில் விழுந்து எழும்பினான். அந்த மனுசனுக்கு வேலை செய்ய வராது என்று யாரும் சொல்ல முடியாது.

வெட்டு முடிந்து நாலு டயரோடு உழவு மெசினில் வந்து இறங்கினான். மெசின்காரன் ரோட்டிலேயே நிற்பாட்டிவிட்டான். உள்ளே போ என்றான் யோகராசா. எதுக்குள்ளே என்று கேட்டான் மெசின்காரன்.

கடப்பு இல்லை. வேலி இல்லை. நிருஷாவின் மதில் ஆளுயரத்துக்கு மேலாக, சீமெந்து பூசி, கொங்கிறீற்றுத் தூண் வைத்து ரோட்டிலிருந்து பின்வளவு வரை போய், அங்கே குறுக்கே திரும்பியிருந்தது. அங்கால் பக்கத்து வளவுக்காரரின் பழைய கல்மதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு மதிலிலும் கை படும். மெசின்காரன் இறங்கி டயர்களை ஒவ்வொன்றாக அந்தச் சந்துக்குள் உருட்டிவிட்டான். அங்கால் தலைப்பில் நின்ற புஸ்பம் ஒவ்வொன்றாகப் பிடித்து மாமரத்தில் சாத்தி வைத்தாள். டயர் நாலும் சுகமாக உள்ளே போய்ச் சேர்ந்தன. யோகராசா ரோட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

முதலில் சிரித்தான். விசர் வேலை, மேசன்மார் பிழையாகக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தான். நேரே நிருஷாவின் வீட்டு வாசலுக்குப் போய், இந்த மதிலை இன்னும் ஆறடி தள்ளிக் கட்டச் சொல்லு என்றான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மச்சான், இது நான் ஆக்கள்ற கக்கூசு கழுவிக் கட்டின மதில். ஒரு கல்லுலயும் கை வைக்க விடமாட்டன். நாலடி காணும் எண்டு அக்காதான் சொன்னவ."

பொய் சொல்லாதே என்றான். உள்ளேயிருந்து அன்னப்பூரணி பேசினாள். முதலில் நாடாவைப் பத்தடிக்குத்தான் பிடித்தார்களாம். புஸ்பம்தான் குறைக்கச் சொன்னாளாம். எட்டுக்கு வந்தார்கள், இன்னும் என்றாளாம். ஆறுக்கு வந்தார்கள், இன்னும் என்றாளாம். யோசித்துச் சொல் மகள் என்று தான் இரண்டு தரம் கேட்டதாகவும், யோசித்துத்தான் சொல்கிறேன் என்று அவள் சொன்னதாகவும் கிழவி சொன்னாள். சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றாள்.

யோகராசா அன்றைக்குப் புஸ்பத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்ஷாப்பைக் கூப்பிட்டான். காரை நடுவால் நீளமாக வெட்டு, வெளியே கொண்டுபோய் ஒட்டுவோம் என்றான். இன்ஷாப் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாக விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"வெட்டினா மறுகா ஒட்டுறதுக்கு இரும்பு வேணுமே, அண்ணன். இதுக்குள்ள இரும்பு எங்க இரிக்கி? பீப்பாத் தகடும் பூசின பட்டியும்தான். வெட்டினா உதிந்திரும்."

ஆற்றுப் பக்கத்தால் தோணியில் ஏற்றலாமா என்று கேட்டான் யோகராசா. இன்ஷாப் அவனைக் கண்ணாக்காட்டு விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தடியைச் சேற்றில் குத்திக் காட்டினான். தடி பிடித்த கை வரை உள்ளே போனது. தூக்கும் மெசின் கொண்டுவந்தால் நிருஷாவின் கூரைக்கு மேலால்தான் தூக்க வேண்டும், அதற்கு அவள் சம்மதிப்பாளா? இன்ஷாப் தன் வெல்டிங் சாமான்களைக் கட்டிச் சந்துக்குள்ளால் மெல்லப் பக்கவாட்டாக எடுத்துக்கொண்டு போனான். கூலியைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதுவே யோகராசாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஆனாலும் அவன் டயரைப் பூட்டினான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஜக்கியை வைத்துத் தூக்கி, மண்ணில் புரண்டு, நாலையும் பூட்டிக் கட்டைகளைத் தட்டிவிட்டான். மீன்காரரிடம் வாங்கி மிச்சமிருந்த நீல போட் பெயின்ற்றை மட்கார்ட்டுக்கு இன்னொரு பூச்சுப் பூசினான். அது காய்ந்த அடுத்த நாள் காலையில் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. என்ன அருமையான சத்தம்! கையால் கிளச்சை இழுத்தான், பல்லில் நின்றது. கியரைப் போட்டு மெல்ல இறக்கினான். கார் நகர்ந்தது. மாமரத்திலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து கொல்லைக் கதவு வரை, திரும்ப மாமரத்துக்கு. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுவை இல்லை. கால் போன நாளிலிருந்து அவன் அப்படிச் சந்தோசப்படவில்லை. தலைக்கு மேல் சரிகை மினுங்க, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஏழாவது தரமோ எட்டாவது தரமோ சுற்றும்போதுதான் அழத் தொடங்கினான்.

கிணற்றடியில் காரை நிற்பாட்டினான். புஸ்பம் அங்கே அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். அவன் அப்படி மெதுவாக அவளிடம் பேசியது அதுதான் முதல் தரம்.

"நீங்கதானே என்னச் சொல்லச் சொன்னீங்க. நாலடி சொன்னன்" என்றாள்.

"நாலடியால என்ன போகும்?"

"ஆள் போய் வரலாம், சைக்கிள் உருட்டலாம். பாடை போகும். வேற என்ன போகோணும்?"

அரிசித் தண்ணியை வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து, அவன் முகத்தை நேரே பார்த்தாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இருந்திருந்தால் அவன் சமாளித்திருப்பான்.

"கால் போன பிறகுதான் எனக்கெண்டு ஒரு புருசன் வீட்டில இருந்த. அத நான் திரும்ப மன்னம்பிட்டிக்கு அனுப்ப ஏலாது. கார் செய்ங்க, ஓட்டுங்க, இந்த வளவுக்குள்ள எவ்வளவு வேணுமெண்டாலும் ஓட்டுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

யோகராசா தலைக்கு மேலே சரிகையைப் பார்த்தான். தகரம் போனபோதும், ஆடு போனபோதும், கூறையை நாலாக வெட்டியபோதும் இவள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது இதற்குத்தானா? கார் முடியட்டும் என்று காத்திருந்தாளா? பாதியில் சொல்லியிருந்தால் அவன் விட்டிருப்பான், அல்லது வேறு எங்காவது வைத்துச் செய்திருப்பான். கடைசிப் பூச்சு முடியும் வரை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

காரைப் பின்னால் எடுத்தான். வீட்டுச் சுவரில் முட்டுமட்டும் எடுத்தான். கிளச்சை இழுத்து முதல் கியரைப் போட்டு, இருக்கிற ஒரு காலால் பெற்றோலை அடிமட்டும் மிதித்து, பிடியை விட்டான். புஸ்பம் விலகி நின்றாள், கத்தவில்லை. மொறிஸ் மைனர் சந்தின் வாயில் போய் இடித்தது. மட்கார்ட் இரண்டும் அப்பளம் மாதிரி நொறுங்கின. மூக்கு உள்ளே போனது, தூண் கீறியது, விளக்குகள் சிதறின, கண்ணாடிக்குக் கீழே வரை போய் இறுகியது. எஞ்சின் கத்திக் கத்தி நின்றது. கொதித்த தண்ணி சந்துக்குள் ஓடியது. யோகராசாவின் நெற்றி ஸ்டியரிங்கில் பட்டு இரத்தம் வந்தது, அவ்வளவுதான். குவைத்துச் சீமெந்து அசையவில்லை.

ரோட்டால் போன நாலைந்து பேர் கூடினார்கள். நிருஷா ஓடிவந்து தன் மதிலைத்தான் பார்த்தாள். நீல நிறத்தில் ஒரு கீறல். ஈரத்துணி கொண்டுவந்து எக்கித் துடைத்தாள், போய்விட்டது. இரண்டு பேர் காரின் மேல் ஏறி உள்ளே குதித்து, பின்பக்கத்தால் பிடித்து இழுத்து எடுப்போமா அக்கா என்று புஸ்பத்தைத்தான் கேட்டார்கள். வளவு அவளுடையது, வழி அவளுடையது, அவனைக் கேட்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

"வேணாம். அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள் புஸ்பம்.

வந்தவர்கள் திரும்ப ஏறிப் போனார்கள். யோகராசா காரிலிருந்து ஒரு மாதிரி இறங்கி, ஊன்றுகோலைத் தேடி எடுத்து நின்றான். வழியின் வாய் முழுக்கக் காராக இருந்தது. வெளியே போவதென்றால் பின் பம்பரில் கால் வைத்து, கூரையில் ஏறி, மூக்கின் மேல் நடந்து சந்துக்குள் குதிக்க வேண்டும். இரண்டு கால் உள்ளவர்களுக்கு அது ஒரு நிமிச வேலை. அவன் ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் கூரையைப் பிடித்துப் பார்த்தான். வழுவழுத்த தகட்டில் கை வழுக்கியது.

புஸ்பம் உள்ளே போய் ஒரு பையில் தன் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். பையை முதலில் மேலே எறிந்தாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பரில் கால் வைத்து ஏறினாள். கூரையில் அவள் பாதம் பட்ட இடமெல்லாம் தகடு பதிந்தது.

"எங்க போறாய்?" என்று கேட்டான்.

"நிருசாட வீட்ட."

"நான் எப்பிடி வெளியால போறது?"

அவள் மூக்கின் மேல் நின்று பையை எடுத்தாள்.

"என்னத்துக்குப் போகோணும்? சோத்த நான் மதிலுக்கு மேலால தாறன்."

குதித்து நடந்து போனாள். சந்துக்குள் அவள் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

மத்தியானம் வெயில் ஏறியபோது மதிலுக்கு அங்கால் கோப்பைச் சத்தம் கேட்டது. யோகராசா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு விரைந்து போனான். மதிலின் மேல் அவள் கை தெரிந்தது, கையில் சோற்றுக் கோப்பை, மீன் குழம்பு மணத்தது. கோப்பையை மதிலின் உச்சியில் வைத்துவிட்டுக் கை மறைந்தது. எட்டுதா என்று அங்காலிருந்து கேட்டாள். அவன் ஒரு தோளை மதிலில் சாத்தி, ஊன்றுகோலை விட்டுவிட்டு, இருந்த ஒரு காலின் நுனியில் எழும்பி இரண்டு கையையும் நீட்டினான். விரல் சீமெந்தில் உரசி உரசி இறங்கியது. மறுபடியும் எழும்பினான்.

"எட்டல்ல, புள்ள" என்றான்.

அவள் சாப்பிட உள்ளே போய்விட்டாள்.